ஏழாம் பக்கத்துத் தாமரை

அண்ணாச்சி புதுச் செருப்பு வாங்கினால் முதல் இரண்டு நாள் அது பக்கத்துக் கடைத் தையல்காரர் காலில்தான் கிடக்கும். கடிக்கிறதா, வார் இழுக்கிறதா, ஈரத்தில் வழுக்குகிறதா என்று அவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே தன் காலில் மாட்டுவார். தையல்காரருக்கும் அண்ணாச்சிக்கும் ஒரே அளவுக் கால். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர் அந்தத் தையல்காரரிடம் அத்தனை வருஷம் பிரியமாக இருந்தார் என்று நான் சொன்னால், என்னைப் பொல்லாதவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் போகிற பாதையில் அவருடைய போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, கடையின் பெயரையும். தொண்ணூறுகளின் முதல் நாலைந்து வருஷம் நான் அங்கே டச்சப் வேலை பார்த்தேன். படத்தில் இருக்கிற முகங்களில் பரு, வடு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு எல்லாவற்றையும் மெல்லிய பிரஷ் வைத்து அழிப்பது என் வேலை. கல்யாண ஆல்பம் ஒட்டுவதும் நான்தான். தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி வருவேன். என் வலது கன்னத்திலேயே ஒரு தழும்பு உண்டு, சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி பட்டது. ஊரார் முகத்தையெல்லாம் துடைத்துவிட்டு, சாயங்காலம் என் முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

எங்கள் ஊரில் புதிதாக ஒரு பால்கோவாக் கடை திறந்தால் எனக்குத்தான் யோகம். யார் மூலமாவது கால் கிலோ வரவழைப்பார். "நீ அந்த ஊர்க்காரி, நீ சொன்னாத்தான் சரி. தின்னு பாத்துச் சொல்லு பிள்ள" என்று வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டுவார். எனக்குப் பெருமை பிடிபடாது. நான் தின்று முடித்து அரை மணி நேரம் நல்லபடியாக நடமாடினால் மிச்சம் அவர் வீட்டுக்குப் போகும். வீட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு நாய் வைத்திருந்தார். வாங்கி வந்த பண்டத்தை முதலில் நாய்க்குப் போட்டுப் பார்க்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் நாயை விட்டுவிட்டு என்னிடம் நீட்டினார் என்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று.

கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்கும் சுளுவாக இருக்கும். அப்படிச் சொல்ல முடியவில்லை, அதுதான் தொல்லை. குரலை உயர்த்தி ஒரு நாள் பேசியதில்லை. எனக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் காரணம் கேட்காமல் வீட்டுக்கு அனுப்புவார். மழை கொட்டினால் தன் குடையை என்னிடம் கொடுத்து, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நனையாமப் போ" என்பார். அது பெரும்பாலும் புதுக் குடையாக இருக்கும். மறுநாள், "ஒழுகுச்சா?" என்று கேட்பார். நான் நனைந்தேனா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டு, "இல்ல அண்ணாச்சி" என்பேன். அவரும் திருப்தியாகத் தலையாட்டுவார்.

தொழிலிலும் இதே குணம்தான், இன்னும் கூர்மையாக. அதைச் சொல்ல ஃபிளாஷ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேமராவின் தலையிலேயே ஃபிளாஷை வைத்து அடித்தால் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி விழும். மூக்கு இருக்கிற இடமே தெரியாது. அதே ஃபிளாஷைத் தனியாக ஒரு ஸ்டாண்டில் மாட்டி, வெள்ளைக் குடை விரித்து, பக்கவாட்டிலிருந்து அடித்தால் மூக்குக்கு ஒரு நிழல், கழுத்துக்கு ஒரு வளைவு, நகைக்கு ஒரு மினுக்கு எல்லாம் வந்துவிடும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இதை முதலில் செய்தவர் அண்ணாச்சிதான். கேமரா இங்கே, ஃபிளாஷ் அங்கே என்றால், இங்கே பொத்தானை அழுத்துகிற அதே நொடியில் அங்கே வெளிச்சம் விழுந்தாக வேண்டும். அதற்கு ஒரு நீள ஒயர் ஓடும். ஆச்சிமார் அதைக் காலில் மாட்டி இழுத்தால் ஸ்டாண்டே சாயும்.

பிறகு ஒயர் இல்லாமல் ஸ்லேவ் என்று ஒன்று வந்தது. இன்னொரு ஃபிளாஷ் அடித்தால் அதைப் பார்த்துவிட்டுத் தானும் அடிக்கும். கேமராவில் ஒரு சின்ன ஃபிளாஷ் அடித்தால் ஸ்டாண்டில் இருப்பதும் கூடவே அடிக்கும் என்பது ஏற்பாடு. யார் அடித்தாலும் கூட அடிக்கும் என்பதுதான் அதன் புத்தி. துபாயிலிருந்து வந்த மாமா தன் குட்டிக் கேமராவைத் தட்டினால் போதும், அது பளிச்சென்று அடித்து ஓய்ந்துவிடும். தாலி கட்டுகிற நேரத்தில் அண்ணாச்சி தட்டும்போது மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும்.

இந்தப் புதுச் சாமான்கள் எதையும் அவர் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் முதலில் வைத்ததில்லை. மில் முதலாளி வீடு, பஞ்சு வியாபாரி வீடு என்றால் பழகிய ஒயர்தான் போகும். மில்லில் கூலிக்குப் போகிறவர்கள், பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவர்கள், சேத்தூர்ப் பக்கம் அரைக் குறுக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் புதுச் சாமான் பையில் ஏறும். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"அவிய நம்ம ஆளுக பிள்ள. ஒண்ணு முன்னப்பின்ன ஆனாலும் கோவிச்சுக்கிட மாட்டாக" என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நம்ம ஆளுக என்று சொன்னாரே! எங்கள் அப்பாவும் பேண்டேஜ் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்.

புதுச் சாமான் காலை வாரிவிட்டால் தாலிப் படம் விழாது. மாப்பிள்ளையை மறுபடி கையை வைத்துக் காட்டச் சொல்லி எடுக்கலாம்தான், சில வீட்டில் விடுவார்கள். பல வீட்டில் பெரியவர்கள் சீறுவார்கள். கட்டின தாலியை இன்னொரு தடவை கட்டுகிற மாதிரிப் பாவனை செய்வதாவது! அந்த மாதிரி வீட்டு ஆல்பங்களுக்கென்றே ஒரு வைத்தியம் வைத்திருந்தோம். சிவகாசிக் காலண்டர் ஒன்றில் லட்சுமி உட்கார்ந்திருந்த தாமரை. அதிலிருந்து லட்சுமியைக் கத்தரித்து இறக்கிவிட்டு, பொண்ணு மாப்பிள்ளை முகங்களை வேறு படத்திலிருந்து வெட்டி இதழ்களுக்கு நடுவே ஏற்றி ஒட்டுவேன். ஓரமெல்லாம் தெரியாமல் வண்ணம் பூசிய பிறகு, அண்ணாச்சி அதை மறுபடி ஒரு படமாக எடுப்பார். எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டுகிற படம் ஏழாம் பக்கத்தில் வரும். அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் பக்கம் முழுக்கத் தாமரை.

ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒரு பஞ்சு வியாபாரியின் மருமகள், வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் ஆல்பத்தில் தாமரையைப் பார்த்துவிட்டுக் கடைக்கே வந்து, "எங்க ஆல்பத்துல மட்டும் ஏன் இது வைக்கல?" என்று சண்டை பிடித்தாள். அண்ணாச்சி கை கூப்பிச் சிரித்து, "உங்களுக்கு அது தேவப்படலம்மா" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் போனதும் நானும் அண்ணாச்சியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன்.

ஒரு வருஷம் வைகாசி பிறந்த கையோடு மில் முதலாளி ஒருவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மூத்த மகள் கல்யாணத்தில் எங்கள் ஒயரில் தடுக்கி, முதலாளியின் சம்பந்தியே மேடையில் மண்டியிட்டு விழுந்திருந்தார். ஆவணிக் கடைசியில் இளைய மகளுக்குக் கல்யாணம். "மேடையில ஒரு ஒயர் கெடக்கக் கூடாது. முடியும்னா சொல்லுங்க, இல்லன்னா மதுரையிலருந்து ஆளு வரட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணாச்சி முடியும் என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

அப்போது ரேடியோ டிரிக்கர் என்று ஒன்று வந்திருந்தது. கேமராவின் தலையில் ஒரு குட்டிப் பெட்டி, ஃபிளாஷ் பக்கத்தில் ஏரியல் நீட்டிய இன்னொரு பெட்டி. சேதி காற்றிலேயே போகும், எந்த மாமா எந்தக் கேமராவைத் தட்டினாலும் இது அசையாது. ஆனால் வெளிநாட்டுச் சரக்கு ஒரு ஜோடி வாங்குகிற காசுக்கு ஒரு மொபெட் வாங்கி ஓட்டலாம். அண்ணாச்சி அதைக் கேட்டதுமே காதைப் பொத்திக்கொண்டார். மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை கடைகளுக்குப் பிலிம் சரக்குப் போட வருகிற ஏஜென்ட், இங்கேயே செய்கிற விலை குறைந்த சரக்கில் மூன்று ஜோடி கொண்டுவந்து மேஜையில் பரப்பினார்.

"ஆவணி வரைக்கும் வச்சுப் பாருங்கண்ணாச்சி. எது பிடிக்குதோ அத எடுத்துக்கிடுங்க. மத்ததத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்கிற வார்த்தையைவிட அண்ணாச்சிக்கு இனிக்கிற வார்த்தை தமிழில் கிடையாது. மூன்றுக்கும் அடையாளமாகச் சிவப்பு, நீலம், மஞ்சள் டேப் ஒட்டினார். நீலம் மூன்றிலும் விலை கூட, மஞ்சள் ரொம்ப மலிவு. சிவப்பு இரண்டுக்கும் நடுவில். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் ஏறின. பத்து நாள் தெருவில் ஒரே கூத்து. அவர் கடை வாசலில் நின்று பொத்தானை அழுத்துவார். நான் ஃபிளாஷைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட் முக்கு வரைக்கும் பின்னாலேயே நடந்து போவேன். வெளிச்சம் அடித்தால் கையைத் தூக்க வேண்டும். மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, வெயில்ல எதுக்கு லைட்டத் தூக்கிட்டு அலையுத?" என்று கேட்டார்கள். மூன்றும் தெருவில் நன்றாகத்தான் ஓடின.

"கடையில ஓடுறது வேற, கல்யாணத்துல ஓடுறது வேற" என்றார் அண்ணாச்சி. நோட்டைப் பிரித்து, வரப்போகிற கல்யாணங்களை வரிசையாக எழுதி, நம்ம ஆளுக வீட்டுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

சிவப்பு சேத்தூருக்குப் போனது. பந்தலில் சீரியல் செட் போட்டிருந்தார்கள். விளக்குகளை மாற்றி மாற்றி எரிய வைக்க ஒரு உருளை சுற்றுமே, அது பொறி தட்டுகிற போதெல்லாம் சிவப்புப் பெட்டி தனக்குத்தான் உத்தரவு என்று நினைத்து அடித்துத் தள்ளியிருக்கிறது. பொண்ணு வருவதற்கு முன்னாலேயே வெறும் மேடையை ஐம்பது தடவை படம் பிடித்த கணக்கு. தாலி கட்டும்போது அதற்குச் சத்தே இல்லை. கேமராவின் தலையில் டிரிக்கர் பெட்டி உட்கார்ந்துவிட்டால் அங்கே வேறு ஃபிளாஷ் வைக்கவும் இடமில்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் படமே இல்லை. மறுநாள் அண்ணாச்சி இதை எனக்கு நடித்துக் காட்டினார். நோட்டில் சிவப்புக்கு நேரே கோடு போட்டு அடித்தபோது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். ஒன்று தெரிந்துவிட்டது அல்லவா!

ஒரு மாதம் கழித்துப் பொண்ணின் அம்மா ஆல்பம் வாங்கிப் போக வந்தார். கையெல்லாம் மண் வெடிப்பு. பக்கங்களை எச்சில் தொடாமல், சேலை நுனியால் பிடித்துப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் நின்றார்.

"தாலி கட்டுற படம் எங்க தாயி?"

"இதாம்மா அது. ஸ்பெஷலாப் பண்ணிருக்கு. எல்லாருக்கும் வைக்க மாட்டோம்" என்றேன்.

அவர் தாமரையை விரலால் தடவிப் பார்த்தார். "மகாலட்சுமி மாதிரில்ல இருக்கா எம்மக" என்றார். எனக்கும் அண்ணாச்சிக்கும் என்று ஒரு தூக்குச்சட்டி நிறைய மொச்சை கொண்டுவந்திருந்தார், கொடுத்துவிட்டுப் போனார். நான் வாங்கிக்கொண்டேன்.

ஆனியில் நீலம் புதுப்பட்டிக்குப் போனது. அங்கேயும் சீரியல் செட், குழாய் மைக், நடுவில் கரண்டு போய் ஜெனரேட்டர் வேறு. நீலம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒரு கட்டமாவது வெறுமையாக இருக்க வேண்டுமே, கிடையாது. "அம்புட்டும் விழுந்திருக்கு பிள்ள" என்று அண்ணாச்சி துள்ளினார். எனக்கும் நெஞ்சு குளிர்ந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆவணி முதல் முகூர்த்தம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளைக்கு இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணிக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. பத்திரிகை வைக்கப் போனபோது அண்ணாச்சி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

"படம் நான்தான். பத்துப் பைசா கூடாது. அது எம் பிள்ளைக்கு நான் செய்யுற சீரு" என்று எங்கள் அப்பாவிடம் சொன்னார். அப்பா கண் கலங்கிக் கும்பிட்டார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். எத்தனையோ பெண்களின் தாலிப் படத்தை ஒட்டியிருக்கிறேன், எனக்கு ஒன்று வேண்டாமா? கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "தாலி கட்டையில லைட்ட எனக்கு இடப்பக்கம் வைங்க அண்ணாச்சி" என்றேன். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் வலது கன்னம் நிழலுக்குள் போய்விடும். பிரஷ் தொடாமலேயே தழும்பு இல்லாத என் முகம் ஒரு தடவையாவது இந்த உலகத்தில் இருக்கும்.

அவர் என் கன்னத்தைப் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்து, "சொல்லணுமா பிள்ள? எனக்குத் தெரியாதா?" என்றார். அப்படிக் கேட்கத் தெரிந்த மனிதர் அவர். நீலப் பெட்டிதானே என்று நான் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

முகூர்த்தத்தன்று மணையில் உட்கார்ந்ததும் இடப்பக்கம் பார்த்தேன். வாக்குத் தவறாமல் ஸ்டாண்டை அங்கேதான் நிறுத்தியிருந்தார். வெள்ளைக் குடை, அதன் கீழே ஃபிளாஷ், அதை ஒட்டி ஏரியல் நீட்டிய பெட்டி. பெட்டியில் மஞ்சள் டேப்.

ஹோமப் புகையில் கண் எரிகிறது, நீலம்தான் அப்படித் தெரிகிறதாக்கும் என்று கசக்கிக்கொண்டு பார்த்தேன். மஞ்சள்தான். மேடைக்குக் கீழே அவருடைய பை வாய் திறந்து கிடந்தது. மேலாகவே நீலப் பெட்டி இருந்தது.

அண்ணாச்சியைப் பார்த்துக் கண்ணால் பெட்டியைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, தலையைக் குனி என்று கையால் சாடை காட்டினார். மாலை மாற்றும்போது குடை பளிச்சென்று அடித்தது. தேங்காயைத் தொட்டுக் கும்பிட்டபோதும் அடித்தது. சரி, மஞ்சளும் நல்ல பெட்டிதான் போல என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். யாரோ சீரியல் செட்டைப் போட்டார்கள். கெட்டி மேளம் கொட்டியது. எல்லாரும் எழுந்து அட்சதை வீசினார்கள்.

குடை இருட்டாக நின்றது.

மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டார். நாத்தனார் மற்ற இரண்டையும் போட்டாள். அண்ணாச்சி பிலிம் லிவரைத் தள்ளுகிறார், அழுத்துகிறார், தள்ளுகிறார், அழுத்துகிறார். வெளிச்சம் இல்லை. என் கழுத்தில் தாலி ஏறின நேரத்தில் நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, குனியவுமில்லை. அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து நாத்தனார் முந்தானையால் வியர்வையைத் துடைக்கும்போது அது தானாகவே ஒருமுறை பளிச்சென்று அடித்தது.

அண்ணாச்சி மேடை ஓரத்துக்கு வந்து, "மாப்ள, செத்த அப்படியே கைய வச்சுக் காட்டுங்க" என்றார். என் மாமியார் குறுக்கே வந்தார்.

"என்ன சொல்லுதீய? கட்டுன தாலியத் திருப்பித் தொடுறதா? ஒரு தடவதான் கட்டுறது. எடுத்த வரைக்கும் போதும், போங்க."

"சரிம்மா, அதுவுஞ் சரிதான்" என்று அண்ணாச்சி மரியாதையாக ஒதுங்கினார். ஒதுங்கி நின்று, சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து ஒரு கோடு போட்டார். என்னைச் சுற்றி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பென்சிலைப் பார்த்தேன். தாலி கட்டி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

புரட்டாசியில் மறுபடி வேலைக்குப் போனேன். இப்போது வீடு இராஜபாளையத்திலேயே, பஸ் கிடையாது. என் மேஜையில் இரண்டு கவர்கள் காத்திருந்தன. ஒன்று மில் முதலாளி மகள் கல்யாணம், நீலத்தில் எடுத்தது. இன்னொன்று என்னுடையது.

"உன்னோடத நீயே பண்ணிரு பிள்ள. நீ பண்ணாத்தான் நல்லா வரும்" என்றார் அண்ணாச்சி.

கவரைப் பிரிக்காமலே கேட்டேன். "நீலம் அன்னிக்குப் பையிலதான இருந்துச்சு அண்ணாச்சி?"

"இருந்துச்சு."

"பொறவு ஏன் மஞ்சள வச்சீங்க?"

அவர் ஒளித்து மறைக்கவில்லை. தொழில் விஷயம் கேட்கிறேன் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீலம் ஓடும்னு புதுப்பட்டியிலேயே தெரிஞ்சு போச்சே. அதையே மறுபடி வச்சா மஞ்சள் எப்படின்னு எப்பத் தெரியும்? அது ஓடியிருந்தா எம்புட்டு மிச்சம் பாரு. மில்லுக் கல்யாணத்துக்கு முன்ன இருந்தது ஒங் கல்யாணம் ஒண்ணுதான்."

"என் கல்யாணம் அண்ணாச்சி அது."

"அதான் சொல்லுதேன். வேற யாரு கல்யாணத்துல வைக்க முடியும்? நீ நம்ம பிள்ளைல்ல?"

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கள்ளமே இல்லை. உண்மையிலேயே அன்பாகத்தான் கேட்டார், அதுதான் என்னை அறுத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பால்கோவாவும் புதுக் குடையும் வரிசையாக நினைவுக்கு வந்தன. நம்ம பிள்ளை என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் பூரித்துப் போய் நின்றேனே, அந்தப் பூரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. சேத்தூர் அம்மாவின் தூக்குச்சட்டியும் நினைவுக்கு வந்துவிட்டதே, எந்த வாயை வைத்துக்கொண்டு அண்ணாச்சியைக் கேட்பேன்?

முதலில் மில் ஆல்பத்தை ஒட்டினேன். ஏழாம் பக்கத்துப் படம் அப்படி விழுந்திருந்தது. இடப்பக்கத்து வெளிச்சம், குனிந்த முகம், வலது கன்னத்தில் மெத்தென்று ஒரு நிழல், தாலிக் கயிற்றின் இழையைக்கூட எண்ணிவிடலாம். அந்தப் பெண்ணின் கன்னத்தில் மறைக்க ஒன்றுமே இல்லை.

பிறகு என்னுடையதை எடுத்தேன். ஏழாம் பக்கத்தை வெறுமனே விட்டுவிடலாமா என்று ஒரு பொழுது முழுக்க யோசித்தேன். மாமியார் தாலிப் பக்கம் காலியாகக் கிடக்கிறதே என்று ஊரைக் கூட்டுவார். பழைய காலண்டரை எடுத்தேன். வலது கன்னத்தில் வெளிச்சம் விழுந்த படம் ஒன்றிலிருந்து என் முகத்தையும் வீட்டுக்காரர் முகத்தையும் கத்தரித்தேன். லட்சுமி இறங்கிய இடத்தில் எங்களை ஏற்றினேன். ஓரங்களுக்கு ரோஸ் வண்ணம் பூசினேன். மாப்பிள்ளை மூக்கில் இருந்த பருவை அழித்தேன். முடித்து அண்ணாச்சி மேஜையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது வரைக்கும் நீ பண்ணுனதுலயே இதுதான் டாப்பு" என்றார். பிறகு கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "என்ன பிள்ள, ஒங் கன்னத்துத் தழும்ப அழிக்காம விட்டுட்டியே? மறந்துட்டியா?"

"மறக்கல அண்ணாச்சி. அழிக்காம விட்டா எப்படி இருக்கும்னு சும்மா வச்சுப் பாத்தேன்" என்றேன். "நம்ம ஆல்பந்தான. யாரு கோவிச்சுக்கிடப் போறா?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "அதுவுஞ் சரிதான்" என்று தலையாட்டிவிட்டு, அதைப் படம் எடுக்கக் கேமராவைக் கொண்டுவரப் போனார்.